சீரியல் செட்டும் ஒரு ரப்பர் ஸ்டாம்பும்



கார்த்திகை பிறந்துவிட்டால் நமது மளிகைக் கடைகளின் முகப்பே மாறிவிடுகிறது. மைதாவும் முந்திரியும் உலர்ந்த திராட்சையும் முன்வரிசைக்கு வருகின்றன. மேலே கயிறு கட்டிக் காகித ஸ்டார்களைத் தொங்க விடுகிறோம். அவற்றுக்குக் கீழே, கல்லாவுக்குப் பக்கத்தில், அட்டைப்பெட்டி நிறைய சீரியல் செட். மளிகைக்காரனுக்கு மின்சாதன வியாபாரம் எதற்கு என்று கேட்போர் உண்டு. கிறிஸ்துமஸுக்குக் கேக் சாமான் வாங்க வருகிறவர் அதே கையோடு விளக்குச் சரமும் கேட்கிறார். இல்லை என்றால் அடுத்த கடைக்குப் போகிறார். எனவே வைக்கிறோம், விற்கிறோம். அதில் தவறில்லை. ஆனால் விற்றபின் அந்தச் சரம் என்ன ஆகிறது என்பதைப் பற்றி நம்மில் பெரும்பாலோர் யோசிப்பதில்லை. எங்கள் கடையும் அப்படித்தான் இருந்தது.

2017 டிசம்பரில் நடந்தது இது. எங்களிடம் பல வருடங்களாக மாதச் சாமான் வாங்கும் ஓர் அம்மையார், தையல் தொழில் செய்பவர், 120 ரூபாய்க்கு ஒரு செட் வாங்கிப் போனார். மூன்றாம் நாள் திரும்பக் கொண்டுவந்தார். "அண்ணாச்சி, பாதி எரியுது, பாதி எரியல. வேற குடுங்க" என்றார். நாங்கள் அப்போது சரக்கு இறக்கிக்கொண்டிருந்தோம். கல்லாவில் இருந்த பையன் தலைக்கு மேலே இருந்த போர்டைக் காட்டினான். "எலக்ட்ரிக் ஐட்டம் ரிட்டர்ன் இல்லக்கா. பில்லுலயே ஸ்டாம்பு அடிச்சிருக்கு பாருங்க." அவர் ஒன்றும் பேசாமல் போய்விட்டார். நாங்களும் மறந்துவிட்டோம்.

பொங்கலுக்கு வெல்லம் வாங்க வந்தபோதுதான் சொன்னார். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் அவர் மகன் அன்று இரவே சரத்தைத் தானே சரி செய்ய உட்கார்ந்திருக்கிறான். சுவிட்சை அணைத்திருக்கிறான்; ப்ளக்கைப் பிடுங்கவில்லை. அறுந்த ஒயரைப் பல்லால் சீவி முறுக்கும்போது ஷாக் அடித்துத் தூக்கி எறிந்துவிட்டது. நல்லவேளை, கையில் தீப்புண்ணோடு போயிற்று. அந்த அம்மையார் எங்களைக் குறை சொல்லவில்லை. "அவன் அவசரக்காரன்" என்று மகனைத்தான் சொன்னார். அது எங்களுக்கு இன்னும் அதிகமாக உறுத்தியது. அன்றே மாற்றிக் கொடுத்திருந்தால் அந்தப் பையன் ஒயரைத் தொட்டிருக்கவே மாட்டான்.

சுவிட்சை அணைத்த பின்னும் எப்படி ஷாக் அடித்தது? இதை நமது எலக்ட்ரீஷியனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டோம். பழைய வீடுகளில், அவசரத்தில் ஒயரிங் செய்த வீடுகளில், சுவிட்ச் பேஸ் ஒயரில் இல்லாமல் நியூட்ரலில் விழுந்திருப்பது உண்டு. அப்போது சுவிட்சை அணைத்தால் விளக்கு அணையும். ஒயரில் மின்சாரம் அப்படியே நிற்கும். ப்ளக்கைப் பிடுங்கினால் ஒழிய ஆபத்து நீங்காது. இது ஒரே வரிச் செய்தி. இதை ஒவ்வொரு செட்டோடும் சொல்லி அனுப்ப நமக்கு எத்தனை வினாடி ஆகும்?

இன்னொரு தவறான எண்ணமும் ஊரில் பரவியிருக்கிறது. எல்.இ.டி. என்றால் ஷாக் அடிக்காது என்கிறார்கள். நாமே கல்லாவில் இருந்து அப்படிச் சொல்லி விற்றிருக்கிறோம். ஒரு எல்.இ.டி.க்கு வேண்டியது இரண்டு அல்லது மூன்று வோல்ட் என்பது உண்மை. சிவப்புக்கு ஏறக்குறைய இரண்டு, வெள்ளைக்கும் நீலத்துக்கும் ஏறக்குறைய மூன்று. ஆனால் ஒன்றன்பின் ஒன்றாகப் பல பல்புகளைக் கோத்து நேராக 230 வோல்ட்டில் செருகுகிற சரத்தில், ஒயர் எங்கே அறுந்தாலும் அந்த இடைவெளியில் நிற்பது முழு 230 வோல்ட். நடுவில் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் பெட்டியைப் பலர் அடாப்டர் என்று நினைக்கிறார்கள். அது பெரும்பாலும் விளக்கை மின்னவைக்கிற கன்ட்ரோல் பெட்டி மட்டுமே. கையில் எடுத்துப் பார்த்தால் காற்றுப்போல் இருக்கும். மின்னழுத்தத்தைக் குறைத்துப் பிரித்துக் கொடுக்கும் எதுவும் அதற்குள் கிடையாது. ப்ளக்கோடு சேர்ந்த அடாப்டர் இருந்து, அதன்மேல் 5 வோல்ட், 12 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் கதை வேறு. யு.எஸ்.பி.யில் செருகும் செப்புக்கம்பிச் சரமும் அப்படியே. சிறு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அந்த ரகத்தை எடுத்துக் கொடுப்பதுதான் முறை. பத்திருபது ரூபாய் கூடினாலும் விஷயத்தைச் சொன்னால் வாங்கிப் போகிறார்கள்.

கிறிஸ்துமஸ் மரத்துக்கு மின்விளக்கு போடும் வழக்கமே 1882-இல் நியூயார்க்கில் தொடங்கியது. எடிசனின் கூட்டாளியான எட்வர்டு ஜான்சன் என்பவர் தம் வீட்டு மரத்தில் சிவப்பு, வெள்ளை, நீலம் என்று 80 பல்புகளை எரியவிட்டார். அவர்கள் ஊரில் 120 வோல்ட். அங்கே பிற்காலத்தில் வந்த சின்னப் பல்புச் சரத்தில் 50 பல்பு, ஒன்றுக்கு இரண்டரை வோல்ட் என்று கணக்கு வைத்தார்கள். பல்பின் அடியில் ஒரு நுண்கம்பியும் வைத்தார்கள். பல்பு பீஸ் போனால் அந்தக் கம்பி வழியே மின்சாரம் ஓடும். மற்ற பல்புகள் தொடர்ந்து எரியும். நமது ஊர் செட்டில் அந்த வசதி இருந்ததில்லை. 6 வோல்ட் பல்பு 40-ஐ வரிசையாக ஈயம் வைத்துக் கோப்பார்கள். ஒன்று போனால் அத்தனையும் இருட்டு. திருமணப் பந்தலிலும் கோயில் திருவிழாவிலும் டெஸ்டரை வைத்துக்கொண்டு ஏணியில் ஏறி இறங்கிய ரேடியோ செட்காரர்களை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம்.

அந்தப் பழைய செட்டுகள் பல வீடுகளில் பரண்மேல் இன்னும் இருக்கின்றன. அவற்றில் ஒரு கைவைத்தியம் நடக்கிறது. போன பல்பை வெட்டி எறிந்துவிட்டு இரண்டு ஒயரையும் முறுக்கிவிடுகிறார்கள். சரம் எரிகிறது, முன்பைவிடப் பிரகாசமாகவும் எரிகிறது. வீட்டுக்காரருக்குச் சந்தோஷம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 230 வோல்ட்டை 40 பல்பு பங்கிட்டால் ஆளுக்கு ஐந்தே முக்கால் வோல்ட். ஐந்து பல்பை எடுத்துவிட்டால் 35 பல்புக்கு ஆறரை வோல்ட்டுக்கு மேல் போகிறது. 6 வோல்ட் பல்பு அதைத் தாங்கிக்கொண்டு சில நாள் எரியும், சூடாகும், பிறகு ஒவ்வொன்றாகப் போகத் தொடங்கும். மேலும் இரண்டை வெட்டுவார்கள். கடைசியில் பிளாஸ்டிக் குப்பி இளகுகிற அளவுக்குச் சூடு ஏறும். அதைச் சுற்றியிருப்பது என்ன? குடிலில் வைக்கோல், பஞ்சு, வண்ணக் காகிதம், தெர்மோகோல். போன பல்புக்குப் பதிலாக அதே வோல்ட் உள்ள பல்பைப் போடுவதுதான் பழுது பார்ப்பது. வெட்டி ஒட்டுவது பழுதைத் தள்ளிப்போடுவதுகூட அல்ல.

நமது தமிழ்நாட்டுக் கிறிஸ்துமஸ் வடகிழக்குப் பருவமழையின் வாலில் வருகிறது என்பதையும் மறக்கக்கூடாது. பனி பெய்யும் நாட்டுக்குச் செய்த பெட்டியில் 'வீட்டுக்குள் மட்டும்' என்று பொடி எழுத்தில் போட்டிருப்பதை யார் படிக்கிறார்கள்? வாங்கிப் போய் மொட்டைமாடிக் கைப்பிடியில், வாசல் கேட்டில், முருங்கை மரத்தில் கட்டுகிறார்கள். இரும்பு கேட்டில் தோல் உரிந்த ஒயர் பட்டால் கேட் முழுவதும் மின்சாரம். சில வீடுகளில் குடிலுக்குப் பசுமை வேண்டும் என்று தட்டில் கேழ்வரகும் நெல்லும் முளைக்க விடுகிறார்கள். அந்தத் தானியத்தையும் நாம்தான் விற்கிறோம். தினமும் தண்ணீர் தெளிக்கிறார்கள். பக்கத்திலேயே சீரியல் செட். ப்ளக் சரியாகச் சேராவிட்டால் ஒயரின் முனையைச் சீவி, பாயிண்டில் சொருகி, தீக்குச்சியால் இறுக்குகிறார்கள். இதைப் படிக்கும் உறுப்பினர்களில் எத்தனை பேர் கடையிலேயே அப்படி ஒரு தீக்குச்சி இருக்கிறது என்று நாங்கள் கேட்கப்போவதில்லை.

சரி, நாம் என்ன செய்யலாம்? எங்கள் கடையில் செய்துவருவதைச் சொல்கிறோம்.

முதல் வேலை, சரக்கு வந்த அன்றே பெட்டியைத் திறந்து ஒவ்வொரு செட்டையும் எரியவிட்டுப் பார்ப்பது. முன்பு டஜன் கணக்கில் அப்படியே அடுக்கிவைத்து, வாடிக்கையாளர் வீட்டில் போய்த்தான் சோதனை நடக்கும். இப்போது ஒரு பலகையில் டெஸ்ட் போர்டு வைத்திருக்கிறோம். பாயிண்டுக்கு முன்னால் ஒரு 60 வாட் குண்டு பல்பை வரிசையில் இணைத்திருக்கிறார் எலக்ட்ரீஷியன். செட்டில் ஷார்ட் இருந்தால் குண்டு பல்பு பளிச்சென்று எரியும். பீஸ் போகாது, தீயும் வராது. செட் நன்றாக இருந்தால் குண்டு பல்பு சும்மா இருக்க, சரம் எரியும். அதோடு 30 மில்லி ஆம்பியரில் விழும் கசிவுத் தடுப்பான் ஒன்றும் அந்த லைனில் உண்டு. எரியாத செட்டை அன்றே மொத்தக் கடைக்குத் திருப்பி அனுப்புகிறோம். தாமதித்தால் அவர்களும் ஏற்பதில்லை. அதில் அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது.

இரண்டாவது, விற்கும்போது வாடிக்கையாளர் கண் முன்னால் எரியவிட்டுக் காட்டுவது. கூட்ட நேரத்தில் இது தொல்லை என்று எங்கள் பையன்களே முணுமுணுத்தார்கள். அரை நிமிட வேலை. அந்த அரை நிமிடத்தில்தான் 'ப்ளக்கைப் பிடுங்கிவிட்டுத் தொடுங்கள், இரவு படுக்கும்போது அணைத்துவிடுங்கள், மழையில் வெளியே வேண்டாம்' என்று சொல்லவும் முடிகிறது. அரிசி வாங்க நிற்பவர்கள் அதைக் கேட்டுவிட்டு ஒரு செட் சேர்த்து வாங்கிப் போவதும் உண்டு.

மூன்றாவது, பழுதாகி வந்தால் வாங்கிப் பார்ப்பது. இங்கே நாம் பயப்படுகிற அளவுக்கு ஒன்றும் இல்லை. எங்கள் அனுபவத்தில் திரும்பி வரும் செட்டுகளில் பாதிக்குமேல் பல்பில் குறையே இருப்பதில்லை. ப்ளக்குக்குள் ஒயர் கழன்றிருக்கும். அல்லது கன்ட்ரோல் பெட்டிக்குள் ஒயர் நுழையும் இடத்தில், இழுத்து இழுத்து உள்ளே அறுந்திருக்கும். போன வருடத்துச் சரமாக இருந்தால் எலி கடித்திருக்கும். மளிகைக் கிடங்கில் எலி என்ன செய்யும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் பழைய ஸ்டாக்கிலேயே அப்படி ஆறேழு செட் போயிற்று. இப்போது மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில்தான் வைக்கிறோம்.

எல்.இ.டி. சரத்தில் ஒரு பகுதி மட்டும் இருட்டாக இருந்தால், சரம் இரண்டு மூன்று தனித்தனி வரிசையாகப் பிரிந்திருக்கிறது, அதில் ஒரு வரிசை அறுந்திருக்கிறது என்று பொருள். எது போன பல்பு என்று கண்டுபிடிக்கக் கல்லாவுக்குப் பக்கத்தில் நாம் விற்கிற 2032 பட்டன் செல்லே போதும். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகு, பல்பின் இரண்டு காலிலும் செல்லின் இரு பக்கத்தையும் படும்படி வைத்தால் நல்ல பல்பு எரியும். எரியாவிட்டால் செல்லைத் திருப்பி வைத்துப் பாருங்கள், எல்.இ.டி.க்குத் திசை உண்டு. இரண்டு பக்கமும் எரியாததுதான் குற்றவாளி. பெரும்பாலும் அதன் கால் துருப்பிடித்து ஒடிந்திருக்கும். புதிய பல்பை ஈயம் வைத்துப் பற்றி, மேலே சுருங்கும் ஸ்லீவ் போட வேண்டும். செலோடேப் ஒட்டிக் கொடுத்தால் அது பழுது பார்த்ததாகாது. செலோடேப் காகிதம் ஒட்டுவதற்கு. மின்சாரத்தைத் தடுக்கும் டேப் வேறு. இந்த வேலைக்கு நமக்குக் கை வராவிட்டால், தெருமுனையில் மிக்ஸி, மின்விசிறி பழுது பார்ப்பவரிடம் பேசி வைத்துக்கொள்ளலாம். நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். செட்டுக்கு இவ்வளவு என்று அவருக்குக் கொடுத்துவிடுகிறோம். அவர் 'இது தேறாது' என்றால் மாற்றிக் கொடுக்கிறோம். தோல் விறைத்து வெடித்த ஒயர், இளகிய பெட்டி, கருகிய ப்ளக், இந்த மூன்றையும் பழுது பார்க்கவே கூடாது. வாடிக்கையாளர் கெஞ்சினாலும் கூடாது.

"நூற்றிருபது ரூபாய்ச் சாமானில் நமக்கு நிற்பது இருபது ரூபாய். இதற்கு இவ்வளவு பாடா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. இருபது ரூபாயை மட்டும் பார்த்தால் கட்டாதுதான். அந்தத் தையல்கார அம்மையார் மாதம் நாலாயிரம் ரூபாய்க்குச் சாமான் வாங்குகிறவர் என்று பார்த்தால் கணக்கு மாறுகிறது. கணக்கை விடுங்கள், சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. பழுதான பொருளைப் பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது நேர்மையற்ற வணிகமுறை என்று அந்தச் சட்டம் சொல்கிறது. பில் கொடுக்காமல் இருப்பதும் அதே பட்டியலில்தான். ஆக, நாம் வருடக்கணக்கில் அடித்துவந்த 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்ற ஸ்டாம்பு பழுதான பொருள் விஷயத்தில் நம்மைக் காப்பாற்றாது. நாமே நமக்கு எதிராக எழுதிக் கொடுத்த சாட்சியாகவும் அது ஆகலாம்.

இதைவிட முக்கியமான பிரிவு ஒன்று உண்டு. பொருளால் ஒருவருக்குக் கேடு வந்து, அதைச் செய்த கம்பெனி யார் என்றே தெரியாவிட்டால், அல்லது நமது நாட்டுச் சட்டத்துக்குள் அடங்காதவராக இருந்தால், விற்றவர் மேல் பொறுப்பு விழலாம். பெயரில்லாத அட்டைப்பெட்டியில், விலாசம் இல்லாமல், பில்லும் இல்லாமல் மலிவாக வாங்குகிறோமே, அந்தச் சரக்குக்குக் கம்பெனிக்காரர் நாம்தான் என்று ஆகிவிடுகிறது. பெட்டியில் தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் பெயர், விலாசம், அதிகபட்ச விலை, மாதம், வருடம் இருக்க வேண்டும் என்பது பொட்டலப் பொருள் விதி. மிளகாய்த்தூள் பாக்கெட்டுக்கு நாம் பார்க்கிற அதே விதி. எல்.இ.டி. சரங்கள் பி.ஐ.எஸ். கட்டாயப் பதிவுப் பட்டியலிலும் இருக்கின்றன. முத்திரையும் 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்க வேண்டும். முத்திரை இல்லாததை விற்பது மட்டுமல்ல, விற்பனைக்கு வைத்திருப்பதும் குற்றம்.

இங்கே மொத்த வியாபாரிகளான உறுப்பினர்களுக்கும் ஒரு வார்த்தை. பாரிமுனையில் ஒரு மொத்தக் கடையில் பதிவு எண் கேட்டபோது, "நூறு ரூபாய்ச் சாமானுக்கு ஜாதகம் கேட்கிறீர்களா?" என்று சிரித்தார்கள். எங்களுக்குக் கோபம் வரவில்லை. அதற்கு முன் வருடம்வரை நாங்களும் கேட்டதில்லை. ஆனால் சில்லறைக்காரர் ரோட்டில் நின்று பதில் சொல்லும்போது, அவர் கையில் உங்கள் பில்லாவது இருக்க வேண்டும். பில், பதிவு எண், வந்த ஒரு வாரத்துக்குள் எரியாத செட்டுக்கு மாற்று, இந்த மூன்றையும் தருகிற மொத்தக் கடைக்கு நாங்கள் செட்டுக்கு ஐந்து ரூபாய் கூடக் கொடுத்து வாங்குகிறோம். உதிரிப் பல்பும் ஒரு பாக்கெட் சேர்த்துத் தந்தால் இன்னும் நல்லது. சங்கத்தின் மாதக் கூட்டத்தில் இதைப் பேசிப் பத்துக் கடைகள் சேர்ந்து கேட்டால் சிரிப்பு நின்றுவிடும் என்று நினைக்கிறோம்.

ஸ்டார் பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. காகித ஸ்டாருக்குள் 40 வாட் குண்டு பல்பு போடுகிற வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. குண்டு பல்பின் சூடு காகிதத்தைப் பழுப்பாக்கும். காற்றில் ஸ்டார் ஆடிப் பல்பில் ஒட்டினால் பற்றிக்கொள்ளும். ஸ்டார் விற்கும்போதே 5 வாட்டுக்கு உட்பட்ட எல்.இ.டி. பல்பைச் சேர்த்துக் கொடுங்கள். இரட்டை வியாபாரம்.

பழைய ரப்பர் ஸ்டாம்பை நாங்கள் எடுத்துவிட்டோம். புதிதாக ஒன்று செய்யக் கொடுத்தபோது, மூன்று வரிக்கு மேல் வராது என்றார் ஸ்டாம்பு செய்பவர். மூன்று வரிக்குள் அடக்கினோம்: 'எரியவிட்டுப் பார்த்து வாங்கவும். பழுதானால் 30 நாளுக்குள் பில்லுடன் கொண்டு வரவும். கை வைக்குமுன் ப்ளக்கைப் பிடுங்கவும்.' வாசகத்தை எந்தக் கடையும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். எங்கள் பையன் அதைச் சில சமயம் பருப்புப் பில்லிலும் அடித்துவிடுகிறான்.